எண்ணுகிறவள்

பதினொன்றாம் இலக்க டிராமில்
இரண்டாவது கதவு என்னுடையது.
வலக்கைப் பொத்தான் ஏறுகிறவர்களுக்கு,
இடக்கை இறங்குகிறவர்களுக்கு.
கதவுக்கு மேலே ஒரு கண் இருக்கிறது, அதுவும் எண்ணும்.
அது ஒழுங்காக எண்ணுகிறதா என்று எண்ண
மணிக்கு இருபத்தாறு பிராங்குக்கு நான்.

பாசலில் பாஸ்நாக்ட் முடிந்து மூன்றாவது வாரம்.
இருக்கை இடுக்குகளில் இன்னும் காகிதத் துணுக்குகள்,
ஊதா, மஞ்சள்.
பொத்தானுக்குள் ஒன்று புகுந்து
நேற்று இரண்டு பேரைத் தின்றுவிட்டது.

ஆறு இடங்களுக்கு விண்ணப்பித்தேன்.
பான் மறுத்தது, வாரிக் மறுத்தது,
இரண்டும் ஒரே வாக்கியத்தால்.
எடின்பரோ காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கிறது,
எத்தனையாவது ஆள் என்று சொல்லவில்லை.
சூரிச், லொசான், பாரிஸ்
மூச்சுக் காட்டவில்லை.

என் ஆய்வேட்டில் நோயாளிகள் சிலர்
பாதியில் காணாமல் போயிருந்தார்கள்,
வீடு மாறியோ, தொலைபேசி எடுக்காமலோ.
கடைசியாகப் பார்த்தபோது உயிரோடு இருந்தார்,
அவ்வளவுதான் தெரியும்.
அவர்களை இறந்தவர்களோடு சேர்க்கக் கூடாது,
பிழைத்தவர்களோடும் கூடாது.
எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாய் ஒரு கூட்டல் குறி.

குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய தாளில்
சூரிச்சுக்கும் லொசானுக்கும் பாரிசுக்கும்
அதே குறியைப் போட்டு வைத்தேன்.
மருந்துக் கம்பெனியில் தரை துடைத்துவிட்டு வந்த அம்மா
சப்பாத்தைக் கழற்றாமலே நின்று வாசித்தாள்.
"கூட்டல் எண்டா நல்லதுதானே?"
ஓமென்றேன்.
அன்றைக்கு இரவே மாமிக்கு அழைத்து
மூன்று இடம் சரிவந்திட்டுது என்று சொல்லிவிட்டாள்.

அனெலீசுக்குச் சூரிச் கிடைத்துவிட்டது.
மார்ட்டிங்கேல் அவளுக்குப் பிடிபடாத வாரத்தில்
நூலக நிலவறையில், ஒரு பொதி உப்பு பிஸ்கட்டோடு
சொல்லிக் கொடுத்தவள் நான்.
வாழ்த்து எழுதினேன், மூன்று ஆச்சரியக்குறிகளோடு.
ஒன்றை அழித்தேன்.
பிறகு வெட்கப்பட்டுத் திரும்பவும் போட்டேன்.

நேர்காணலில் அவர்கள் கேட்டது
நிபந்தனைசார் எதிர்பார்ப்பு என்றால் என்ன.
எனக்குத் தெரியும்.
சொல்லத் தொடங்கும்போது திரை உறைந்தது.
ஒரு கை தூக்கியபடி, வாய் பாதி திறந்தபடி
எட்டு வினாடி இருந்தேனாம்.
அவர்கள் நினைவில் இப்போதும் அப்படித்தான் இருக்கிறேனோ என்னவோ.

டிராமுக்கு அட்டவணை உண்டு.
நாலு நிமிடம் நின்றால் நாலு நிமிடம் கழியும்.
வேறு சாதிக் காத்திருப்பும் இருக்கிறது:
நாற்பது நாள் நின்றவளும்
இப்போதுதான் வந்து நின்றவளும்
அதில் ஒரே இடத்தில் நிற்கிறார்கள்.
நின்ற நாளெல்லாம் கணக்கில் ஏறாது.
நினைவற்ற பண்பு என்று அதற்குப் பெயர்.
நிரூபணம் நாலு வரி.
பரீட்சையில் எழுதி ஆறுக்கு ஆறு வாங்கினேன்,
வெளியே வந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டேன்.

கடைசி நிறுத்தத்தில் கூட்டிக் கழித்தேன்.
ஏறியவர் இருநூற்றுப் பதினெட்டு,
இறங்கியவர் இருநூற்றுப் பதினேழு.
என்னை நான் எண்ணக் கூடாது, எண்ணவுமில்லை.
முன்னிருந்து பின்வரை நடந்து பார்த்தேன்.
ஒரு கையுறை. நனைந்த பத்திரிகை. துணுக்குகள்.
படிவத்தில் கேட்டிருந்தது: வேறுபாட்டுக்குக் காரணம்?
பேனையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு
தெரியவில்லை என்று எழுதினேன்.

கோட்டுப் பைக்குள் தொலைபேசி துடித்தது.
எடுக்கிறதுக்குள் நெஞ்சு ஒருமுறை எண்ணிக்கை தவறியது.
அம்மா.
பால் முடிஞ்சுது, வரேக்க வாங்கிக்கொண்டு வா.

கதவு திறந்தது.
ஒரு கிழவர், ஒரு மிதிவண்டித் தலைக்கவசம்,
பிறகு தள்ளுவண்டியோடு ஒருத்தி.
தள்ளுவண்டிக்குள் இருப்பதும் ஒரு ஆள் என்பது விதி.
போர்வை கழுத்துவரை மூடி, அதற்கு மேல் மழைத்தாள்.
குனிந்து பார்க்க நேரமில்லை.
வலக்கை,
ஒரு சொடுக்கு.